ஈரப்பதம்

பாவங்களைப் பட்டியல் போட்டு வரச் சொன்னாராம் சிஸ்டர்.
லூர்து மாதா திருநாளில் புதுநன்மை.
கோடு போட்ட நோட்டை விரித்துக்கொண்டு
"எத்தனை எழுதணும்ப்பா?" என்றாள் அவிலா.
நான் என்ன சொல்வேன்,
அம்மையப்பன் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர்.
"செஞ்சது எத்தனையோ அத்தனை" என்றேன்,
தகப்பன் குரலில்.

அந்தக் குரல் எப்போது என்னிடம் வந்து சேர்ந்ததோ.
போன மாதம் மளிகைக்கடை மீதியில்
ஐந்து ரூபாயை ஒளித்துவைத்தாள்.
அப்போதும் அதே குரல்தான்
ஏழாம் கட்டளையைப் பத்து முறை சொல்லவைத்தது.
அவள் அழுதுகொண்டே எண்ணுகையில்
என் சட்டைப்பையில்
அன்றைய நாற்பதுகள் இருந்தன,
ரப்பர் பேண்ட் போட்டு.

மூட்டைக்கு நாற்பது.
மேலே போகிறது, லாரிக்குப் போகிறது,
குடோனில் எடை குறைந்தால் என் தலையில் விடியும்,
அதற்குப் போகிறது.
கணக்குப் பார்த்தால் கையில் நிற்பது ஆறோ ஏழோ.
இதைக் கடவுளிடம் பலமுறை விளக்கியிருக்கிறேன்.
அவர் குறுக்கே பேசுவதில்லை.
அந்த ஆறு ஏழில்தான்
அவள் பள்ளிக்கூடம், வேன்,
வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்த முன்பணம்.

சனிக்கிழமை சோற்றுத் தூக்கோடு சைக்கிளில் வந்தாள்.

வைரக்கண்ணு நாலு நாளாகத்
தன் சம்பா அம்பாரத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தார்.
தை கடைசியில் வரக்கூடாத மழை வருமென்று
தார்ப்பாய் நுனியைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்குகிறவர்.
தரமாட்டேன் என்று சொல்லவில்லை,
இருபதுக்குக் கேட்டார்.
ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டேன்.
"பத்தொன்பது. இன்னும் காயணும்."

"அப்பா, பதினாறுன்னுல்ல காட்டுது?"

தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.
சாக்கு தைத்தவர்கள் ஊசியையே பார்த்தார்கள்.
தூற்றுகிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
வைரக்கண்ணு என்னைப் பார்க்கவில்லை.
எழுந்து, வேட்டியில் சுணையைத் தட்டிவிட்டு,
அவளிடம் சொன்னார்:
"வெயில்ல கண்ணு கூசுது பாப்பா.
பத்தொம்போதுதான். நானும் பாத்தேன்."

பயந்தாரா,
இல்லை அவரும் ஒரு பெண்ணுக்குத் தகப்பனா,
கேட்கவில்லை.
சாயங்காலத்துக்குள் அவர் நெல்லை எடுத்துவிட்டேன்.
நாற்பதையும் எடுத்தேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஜெபமாலை முடிந்து
அவள் தூங்கினதும் நோட்டைப் பிரித்தேன்.
ஒன்று, தம்பியைக் கிள்ளினேன்.
இரண்டு, பூசையில் பேசினேன்.
மூன்று, ஐந்து ரூபாய்.
நான்கு, வேறு பேனாவில்:
எல்லோர் முன்னாலும் அப்பாவைப் பற்றிப் பொய் சொன்னேன்.

அழிக்கலாமென்றால் மை.
கிழிக்கலாமென்றால் மற்ற மூன்றும் சேர்ந்து போகும்.
பங்குச் சாமியார் நாலாவதைக் கேட்டுவிட்டு
ஏதாவது மூன்று ஜெபம் சொல்லச் சொல்வார்.
என்னுடையதற்கு
அவள் முட்டி போடுவாள்.

ஞாயிறு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.
"நாலாவதை எடுத்துடு" என்றேன்.
"நீ படிச்சது சரி. பதினாறுதான்."
வாயில் நுரையோடு அண்ணாந்து பார்த்தாள்.
அந்தப் பார்வைக்கு
விடிய விடியத் தயாராகியிருந்தேன்.
கேட்டது வேறு.
"அப்போ அந்தத் தாத்தா சொன்னது பாவமாப்பா?"
"இல்லை."
"பின்ன யாருது?"

கோயிலில் முதல் மணி அடித்தது.
என்னுடையது என்று சொன்னேன்,
மணி நின்ற பிறகு ஒருமுறை,
அவளுக்குக் கேட்கிற மாதிரி.
வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு
உள்ளே போனாள்.
வேறெதுவும் நடக்கவில்லை.

நாளைக்கு டோக்கனோடு முப்பது பேர் நிற்பார்கள்.
முதல் ஆளுக்கு
மீட்டர் காட்டுவதைச் சத்தமாகப் படித்துவிடுவேன்
என்று நினைக்கிறேன்.
இரண்டாவது ஆளைப் பற்றி
இன்னும் தெரியவில்லை.